ஐவர் குளித்த அறையின் நியாய விலை

2001ஆம் ஆண்டு ஜூலை மாதம் 16ஆம் திகதி, திங்கட்கிழமை. ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலையின் இரட்டை ஆசிரியர் விடுதியில், இரண்டாம் இலக்க வீட்டின் குளியலறைத் தரை பதினொரு மாதங்களாக வெடித்துக் கிடந்தது. ஒரே ஒரு சுவருக்கு அப்பால், முதலாம் இலக்க வீட்டின் குளியலறை இளஞ்சிவப்பு நிறத்தில் பளபளத்தது. குறை இவ்வளவுதான்.

இரண்டாம் இலக்க வீட்டில் குடியிருந்தவர் கணித ஆசிரியர் தயாபரன். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அதே தோட்டத்துப் பாடசாலைக்குக் கணித ஆசிரியராக வந்தவர். வகுத்தற் கணக்கில் மீதி வந்தால், அந்த மீதி எங்கே போகும் என்று மூன்று நாள்கள் கவலைப்படும் இயல்பினர். முதலாம் இலக்க வீட்டில் குடியிருந்தவர் பிரதி அதிபர் சிற்றம்பலம். யாழ்ப்பாணத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தோற்பையுடன் வந்து, மலைக் குளிருக்குக் கம்பளிச் சட்டை வாங்கி, பிறகு ஊர் திரும்ப வழியின்றி அங்கேயே தங்கிவிட்டவர்.

ஜூலை எட்டாம் திகதி காலை, தயாபரனின் மனைவி விஜயலெட்சுமி வெடித்த தரையிற் கால் சறுக்கி விழுந்து, வலக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். ஆகவே, பதினாறாம் திகதி தயாபரன் பதுளையில் இயங்கிய ‘ஆசிரியர் விடுதிக் குளியலறைச் செலவு நியாய நிர்ணயக் குழு’வுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அரசாங்க விடுதியில் ஓர் ஆணி அடிப்பதானாலும் அந்தக் குழு செலவை நியாயமானது என்று சான்றளிக்க வேண்டும். சான்றளித்தால் பணத்தையும் அதுவே தரும். விண்ணப்பத்தில் மனைவியின் கணுக்காலுக்கு ஒரு வரி ஒதுக்கப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டுக் குளியலறைக்குப் பதினொரு வரிகள் ஒதுக்கப்பட்டிருந்தன.

அதற்கு அவரைக் குறை கூற இயலாது. அவர் அனுபவித்த துன்பம் அத்தகையது. ஒவ்வொரு நாளும் காலை ஐந்தரை மணிக்குச் சுவருக்கு அப்பால் ஷவர் திறக்கும். தண்ணீர் விழும் ஓசை, கூரைத் தகரத்தில் மழை விழுவது போல, மிக நாகரிகமாகக் கேட்கும். தயாபரன் படுக்கையிற் கிடந்தபடியே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பதினான்கு நிமிடங்கள். ஒரு மனிதன் பதினான்கு நிமிடங்கள் எதைத்தான் கழுவுவான்? பின்னர் காற்றுத் துவாரத்தின் வழியே வெண்ணிற ஆவி புறப்பட்டு, தேயிலைச் சரிவின் மூடுபனியோடு கலக்கும். அந்த நேரத்தில் தயாபரன் ஒரு வாளி பச்சைத் தண்ணீரை எடுத்து, முதற் கோப்பையைத் தலையில் ஊற்றிக்கொண்டு, கணிதத்தில் இல்லாத ஓர் ஒலியை எழுப்புவார்.

அந்த மாதம் மின்வெட்டு வந்தது. நாடு முழுவதும் இருளில் இருந்தது. தயாபரனுக்கோ உள்ளுக்குள் ஒரு வெளிச்சம் தோன்றியது. இனிப் பக்கத்து வீட்டு ஹீட்டர் வேலை செய்யாது அல்லவா? மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, மின்சாரம் இல்லாத வேளையில், ஷவர் திறந்தது. ஆவியும் வந்தது. தயாபரன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார்.

“ஜெனரேட்டரும் வச்சிருக்காரு” என்றார்.

“சத்தம் கேக்கலையேங்க” என்றாள் விஜயலெட்சுமி.

“சத்தம் கேக்காத ஜெனரேட்டர். அது இன்னும் வெலை கூட.”

இவை யாவற்றையும் விடக் கொடியது அந்தச் சவர்க்கார வாசனை. ரோசாப்பூ வாசனை. தொடக்கத்தில் அது சுவருக்கு அப்பால் இருந்தது. ஜூலை நடுப்பகுதியிலிருந்து அவருடைய சொந்த வீட்டுக்குள்ளேயே வீசத் தொடங்கியது. பாடசாலை முடிந்து வந்து மனைவியின் அருகே உட்கார்ந்தால், அங்கேயும் அதே வாசனை. பிறர் வீட்டுச் செல்வம் ஒன்பது அங்குலக் கருங்கற் சுவரையும் ஊடுருவி வருகிறதே என்று அவர் வயிறெரிந்தார்.

ஒரு நாள் பொறுக்காமல், தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்த சிற்றம்பலத்திடம் நேரே கேட்டுவிட்டார்.

“சேர், பாத்ரூமுக்கு மொத்தமா எவ்வளவு செலவாச்சு?”

சிற்றம்பலம் துவாயைத் தோளிற் போட்டார். அவருடைய முகத்தில் ஒரு மெல்லிய சிரிப்புத் தோன்றியது. “ஏதோ போச்சுது தம்பி. கணக்குப் பாத்துக்கொண்டு நிண்டால் மனிசன் குளிக்கேலுமே?”

‘ஏதோ’ என்றால் எவ்வளவு? தயாபரனால் அன்று உணவு உட்கொள்ள முடியவில்லை. மறுநாள் ஒன்பதாந் தர மாணவர் முப்பத்திரண்டு பேருக்கும் அதையே கணக்காகக் கொடுத்தார். ‘ஒரு கனவான் ஐந்தடிக்கு ஏழடிக் குளியலறை ஒன்றுக்கு இளஞ்சிவப்பு டைல்ஸ் பதித்து, ஹீட்டர், ஷவர், கொமட், சத்தமில்லாத ஜெனரேட்டர் ஆகியவற்றைப் பொருத்துகிறார். செலவைக் காண்க. செய்கை முறையைத் தெளிவாகக் காட்டுக.’ முப்பத்திரண்டு விடைகள் வந்தன. மிகச் சிறியது நாலாயிரம் ரூபா. மிகப் பெரியது ஒன்பது இலட்சம். ஒன்பது இலட்சம் எழுதிய மாணவி லதுஷா ஒரு தசமப் புள்ளியைத் தவறான இடத்தில் வைத்திருந்தாள். தயாபரன் அவளுக்குச் சுழியம் போட்டார். ஆனாலும், அந்தத் தொகையே அவருக்குச் சரியாகப் பட்டது.

விண்ணப்பத்தோடு மதிப்பீடும் இணைக்கப்பட வேண்டும் என்பது விதி. அதற்காக மேசன் பாஸ் இப்றாஹீம் வந்தார். முதலாம் இலக்கக் குளியலறையைக் கட்டியவரும் அவரே. தரையை மிதித்துப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், காதிற் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதினார். மொத்தம் பதினாலாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபா.

தயாபரன் வரி வரியாகப் பார்த்தார். சீமெந்து, மணல், குழாய், கொமட், கூலி. டைல்ஸ் என்ற சொல்லுக்கு எதிரே ஒரு சுழியம் இருந்தது.

“என்ன பாஸ், டைல்ஸுக்குச் சல்லி இல்லையா?”

“டைல்ஸ் ஈக்குது மாஸ்டர். நாப்பத்திரண்டு. எங்கேருந்துன்டு மட்டும் கேக்க வாணாம்.”

“சரி, கேக்கல. பக்கத்து வீட்டுக்கு எவ்வளவு முடிஞ்சதுன்னு அத மட்டும் சொல்லுங்க.”

இப்றாஹீம் பென்சிலை மறுபடியும் காதிற் செருகினார். “ஒரு ஊட்டுக் கணக்க மத்த ஊட்டுல சொல்லமாட்டேன், மாஸ்டர். எங்க வாப்பாவும் சொன்னதில்ல. சொல்ற மேசனுக்கு மூணாவது ஊட்டுல வேல கெடைக்காது.”

“ஒரு இலட்சத்துக்கு மேலயா கீழயா? தலைய மட்டும் ஆட்டுங்க போதும்.”

“தலைய ஆட்டினா பென்சில் உழுந்துரும்” என்று கூறிவிட்டு இப்றாஹீம் படியிறங்கினார்.

ஆகஸ்ட் விடுமுறையில் குழு தயாபரனை விசாரணைக்கு அழைத்தது. விடியற்காலையில் பஸ் ஏறி, ஹப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் நின்று நின்று, பதினொரு மணிக்குப் பதுளையை அடைந்தார். குழுவின் காரியாலயம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் ஐவர் அமர்ந்திருந்தனர். நடுவில் தலைவர் பார்த்தீபன். வலப்புறம் தொழினுட்ப உத்தியோகத்தர் இத்ரூஸ். இடப்புறம் குறிப்பெழுதும் நிசாந்தினி. மற்றைய இருவருள் ஒருவர் கணக்காய்வுக்காக வந்தவர். இன்னொருவர் ஐந்து பேர் இருக்கவேண்டும் என்ற விதிக்காக வந்தவர். இவ்விருவரும் இறுதிவரை வாய் திறக்கவில்லை.

தலைவர் பார்த்தீபன் சிகரெட் அட்டையைக் கையில் எடுத்தார்; மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்; மறுபடி அணிந்தார்.

“பதினாலாயிரத்து எழுநூற்று ஐம்பது” என்றார். “ஆசிரியரே, இது குளியலறையா, கோழிக்கூடா?”

“குளியலறைங்க சேர். வெலை குறைவாத்தான் வந்திருக்கு.”

“அதுதான் குற்றம். விலை கூடினால் ஊழல் இருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம். குறைந்தால் ஊழல் ஒளிந்திருக்கிறது என்று நிச்சயிக்கிறோம். பதினேழு ஆண்டுகளாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். இதுவரை ஒரு மதிப்பீடும் முதல் முறையில் நியாயமாக இருந்ததில்லை. இருந்திருந்தால் இந்தக் குழுவுக்குத் தேவை என்ன இருந்திருக்கும்? டைல்ஸுக்குச் சுழியம் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த உலகத்தில் ஐயா டைல்ஸுக்குச் சுழியம்?”

தயாபரன் விழித்தார். சுழியத்தின் வரலாற்றை ஏழாந் தரத்துக்குக் கற்பிப்பவர் அவர். அதை இப்படி ஒருவர் வெறுப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

இத்ரூஸ் கருணையோடு விளக்கினார். “மாஸ்டர், முறை என்னன்டா, மூணு மதிப்பீடு வேணும். கூடினத நாங்க தள்ளிருவோம், அது பேராசை. குறைஞ்சத தள்ளிருவோம், அது ஏமாத்து. நடுவுல ஈக்கிறது நியாயம்.”

“அப்ப இப்றாஹீம் பாஸ் செய்றேன்னு சொன்ன வெலைக்கு...”

“அவர் செய்யலாம். ஆனா அது நியாயமாகாது.”

“நடுவுல உள்ள வெலைக்கு யாரு சேர் செய்வாங்க?”

தலைவர் புன்னகை செய்தார். “செய்வது வேறு துறை. நாங்கள் நிர்ணயம் மட்டுமே செய்கிறோம். எங்கள் காலத்தில் நானூற்றுப் பதினொரு குளியலறைகளுக்குச் செலவு நிர்ணயித்திருக்கிறோம். அவற்றுள் ஒன்றுகூடக் கட்டப்படவில்லை. ஆகவே, ஒன்றிலும் முறைகேடு நிகழவில்லை. இந்த மாகாணத்தில் வேறெந்தக் குழு இப்படிச் சொல்ல முடியும்?”

இந்த உரையை நிசாந்தினி முழுமையாகக் குறித்துக்கொண்டாள். தள விசாரணைக்கு நாள் குறிக்கப்பட்டது. தயாபரன் பிற்பகல் பஸ்ஸில் திரும்பி வந்தார். மனைவி சாய்வு நாற்காலியில் ஈரக் கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“தலை குளிச்சியா? எப்படி?” என்று கேட்டார்.

“ஏதோ சமாளிச்சேங்க” என்றாள் விஜயலெட்சுமி.

அன்று அவர் மனம் குழுவிலேயே இருந்தமையால், அந்த ‘ஏதோ’வை அவர் விசாரிக்கவில்லை. மனிதர் எந்த ‘ஏதோ’வைத் துருவ வேண்டுமோ அதை விட்டுவிடுவர்.

செப்டெம்பர் இருபதாம் திகதி, வியாழக்கிழமை, குழுவினர் ஜீப்பில் வந்து இறங்கினர். அதிபர் இரண்டு பாடவேளைகளுக்கு விடுமுறை கொடுத்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கை தட்டச் செய்தார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குத் தொழிலாளர் நிற்பது போல மாணவர் நின்றனர். ஒரு குளியலறையைப் பார்க்க இவ்வளவு பெரிய மனிதர் வந்திருக்கிறார்கள் என்றால், அந்தக் குளியலறையில் ஏதோ சாமி இருக்கவேண்டும் என்று சின்ன வகுப்புப் பிள்ளைகள் நம்பினர்.

விதியின்படி, நிர்ணயிக்கப்படும் அறைக்குள் குழுவின் ஐந்து அங்கத்தவர்களும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். இரண்டாம் இலக்கக் குளியலறை நான்கடிக்கு ஐந்தடி. முதலில் இத்ரூஸ் நுழைந்து, வெடிப்பின் இருபுறமும் கால்களை வைத்து நின்றார். கணக்காய்வுக்காரர் அவருடைய முதுகோடு முதுகு சேர்த்து நின்றார். ஐந்தாவது மனிதர் கழிப்பறைப் பீங்கானின் மேல் ஏற்றப்பட்டார். நிசாந்தினி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, தலைவரின் தோளில் தாளை வைத்துக் குறிப்பெழுதினாள். தலைவர் கதவுக்குள் முழுமையாக வந்தாலன்றிக் கூட்டம் ஆரம்பமாகாது. ஆகையால், தயாபரன் வெளியிலிருந்து கதவால் அவரை மெதுவாக உள்ளே அழுத்தினார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தலைவரின் குரல் எழுந்தது.

“கூட்டம் ஆரம்பமாகிறது. யாருடைய முழங்கை இது?”

“கணக்காய்வு, சேர்” என்றாள் நிசாந்தினி.

“அது என் நெஞ்சில் இருக்கிறது. குறித்துக்கொள்ளுங்கள்.”

ஆறு நிமிடங்களின் பின்னர் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. குளியலறை, குழு நின்று பரிசோதிக்கப் போதிய அளவு பெரியதன்று. எனவே, அதைத் திருத்தும் செலவை நிர்ணயிக்கும் முன்னர், நிர்ணயிப்பதற்கு ஏற்ற வகையில் அதைப் பெருப்பிக்க வேண்டும். பெருப்பிக்கும் செலவைத் தனியாக நிர்ணயிக்க வேண்டும். இவ்வளவையும் விஜயலெட்சுமி முன்னறையில், முறிந்த காலை முக்காலியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். குழுவினர் அவளைக் கடந்து போனபோது, தலைவர் அவளுடைய காலைப் பார்த்து, “இது மதிப்பீட்டில் சேர்ந்ததா?” என்று மட்டும் வினவினார்.

“இல்லைங்க. அது என்னோட கால்” என்றாள் அவள்.

“இனி ஒப்பீட்டுக்கு ஓர் அறை வேண்டும். அண்மையில் திருத்தப்பட்ட குளியலறை ஏதும் இந்தப் பகுதியில் உண்டா?” என்று இத்ரூஸ் கேட்டார்.

தயாபரன் இரண்டு மாதங்களாக எந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாரோ அந்தக் கேள்வி இதுதான். அவருடைய கை அவரைக் கேட்காமலே சுவரின் பக்கம் நீண்டது.

“பக்கத்து வீடுங்க சேர். பிங்க் கலர் டைல்ஸ். சுடுதண்ணி ஷவர். கரண்டு இல்லாட்டியும் வருது. ஒரு இலட்சத்துக்குக் குறையாதுங்க.”

“ஆதாரம்?”

தயாபரன் உள்ளே ஓடி, ஒன்பதாந் தரத்தின் முப்பத்திரண்டு கொப்பிகளையும் அள்ளிக்கொண்டு வந்தார். நாணத்தோடுதான் நீட்டினார். குழுவினரோ அவற்றைப் பக்தியோடு வாங்கினர். அவர்களுடைய பதினேழு ஆண்டு வரலாற்றில், செய்கை முறை தெளிவாகக் காட்டப்பட்ட முதலாவது ஆவணம் அதுவே.

“முப்பத்திரண்டு சுயாதீன மதிப்பீடுகள்!” என்று தலைவர் வியந்தார். “கூட்டிப் பிரியுங்கள்.”

“அதுல ஒம்பது இலட்சம் போட்டது பிழைங்க சேர். சுழியம் போட்டிருக்கேன்.”

“ஆசிரியரே, பிழை என்று நீங்கள் சொல்கிறீர்கள். மாற்றுக் கருத்து என்று குழு சொல்கிறது. கூட்டுங்கள்.”

கூட்டிப் பிரித்ததில் ஒரு இலட்சத்து முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபா வந்தது. நிசாந்தினி அதைச் சிவப்பு மையால் எழுதினாள். தலைவர் கையொப்பமிட்டார். முத்திரை குத்தப்பட்டது. சிற்றம்பலத்தின் ‘ஏதோ’ அந்தக் கணத்தில் ஓர் அரசாங்க எண்ணாயிற்று. தயாபரனின் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு இறங்கியது. அது எங்கே போய் விழும் என்று அவர் அப்பொழுது பார்க்கவில்லை.

ஊர்வலம் முதலாம் இலக்க வீட்டுக்குச் சென்றது. சிற்றம்பலத்தின் மனைவி செல்வநாயகி முன்றிலில் மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்தாள். “வாங்கோ, வாங்கோ. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்” என்றாள். தேநீருக்குப் பின்னர் தலைவர் கூறியதாவது:

“அம்மா, சுடுநீரின் நியாயத்தைக் கண்ணால் அறிய முடியாது. தோலால் அறிய வேண்டும். துவாய் இருக்கிறதா?”

அவ்வாறு குழு குளிக்கத் தொடங்கியது. முதலில் தலைவர் குளித்தார். பின்னர் இத்ரூஸ், கணக்காய்வுக்காரர், ஐந்தாவது மனிதர். பெண் என்றபடியால் நிசாந்தினிக்கு முகமும் கைகால்களும் மட்டும் போதும் என்று ஒரு திருத்தப் பிரேரணை நிறைவேறியது. செல்வநாயகி குளியல் நடந்த நேரம் முழுவதும் வீட்டின் பின்புறத்துக்கும் முன்புறத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். அவளுடைய நெற்றியில் வியர்வை வழிந்தது, சேலைத் தலைப்பில் கரி படிந்திருந்தது. தயாபரன் அதைக் கவனிக்கவில்லை. அவர் வெளிச்சுவரில் சாய்ந்து நின்று, ஐந்து குளியல்களின் ஓசையையும் கேட்டுக்கொண்டிருந்தார். ரோசா வாசனை ஐந்து முறை வீசியது. இரண்டு மாதங்களாக ஒரு சுவருக்கு இப்புறம் ஏங்கிக் கிடந்த மனிதனை, உள்ளே வந்து ஒரு கையளவு தண்ணீரில் கை நனைத்துப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. பதுளையிலிருந்து ஜீப்பில் வந்தவன் குளிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரன் கேட்கிறான். தயாபரனுக்கு அழுகை வந்தது.

குளித்து முடித்துத் தலையை வாரிக்கொண்டு தலைவர் அமர்ந்தார். பாடசாலையிலிருந்து அழைத்துவரப்பட்ட சிற்றம்பலம் அவர்முன் நின்றார்.

“சிறந்த சுடுநீர். நியாயமான சுடுநீர். பற்றுச்சீட்டைக் காட்டுங்கள்.”

சிற்றம்பலத்தின் முகம் சுண்ணாம்பு பூசியது போலாயிற்று. “பற்றுச்சீட்டோ? அது... அது அவ்வளவு முக்கியமில்லை, ஐயா.”

“ஒரு இலட்சத்து முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாவுக்கு ஆதாரம் முக்கியமில்லையா?”

“எவ்வளவு?” என்றார் சிற்றம்பலம். இருபது ஆண்டுகளில் அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் அயலார் கேட்டனர்.

அவர் உள்ளே சென்றார். பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துவந்தார். மொத்தம் ஒன்பதாயிரத்து முந்நூறு ரூபா. எல்ல என்ற ஊரில் ஒரு பழைய விருந்தினர் விடுதியை இடித்தபோது, அதன் டைல்ஸ்களை மூட்டைக் கணக்கில் விற்றிருக்கிறார்கள். ஷவரும் கொமட்டும் அங்கே வாங்கியவையே. சுவரில் இருந்த வெண்ணிற ஹீட்டர் பெட்டியை இத்ரூஸ் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு பல்லி இருந்தது. வேறொன்றும் இல்லை. வீட்டின் பின்னாலுள்ள மண்திட்டின் மேல், தகர மறைப்புக்குள், ஒரு தார்ப் பீப்பாய் மூன்று கற்களின்மேல் இருந்தது. அதன்கீழ், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்துச் செய்தபோது வெட்டிய மிலாறுக் குச்சிகள் எரிந்துகொண்டிருந்தன. அங்கிருந்து ஒரு குழாய் சரிவாக இறங்கி ஷவருக்கு வந்தது. ஐவர் குளித்த தண்ணீர் முழுவதும் செல்வநாயகி ஓடியோடி எரித்த விறகிற் சுட்டது.

“நீங்களாத்தான் பெரிய செலவு எண்டு நினைச்சியள்” என்று சிற்றம்பலம் தயாபரனைப் பாராமலே சொன்னார். “பழைய சாமான் எண்டு சொல்ல எனக்கு வெக்கமாப் போச்சுது. பிரதி அதிபர் எல்லோ.”

தயாபரன் தரையைப் பார்த்தார். ஒன்பதாயிரத்து முந்நூறு! சத்தமில்லாத ஜெனரேட்டர் ஒரு தார்ப் பீப்பாய்! இரண்டு மாதப் பொறாமைக்கு இவ்வளவுதானா பெறுமதி? உண்மையில், அவருக்கு அந்தக் கணத்தில் முதலில் தோன்றியது ஏமாற்றமே. பிறருடைய குளியலறை மலிவானது என்று தெரிந்தால் மகிழ்ச்சி வரவேண்டும். வரவில்லை. தம்மாலும் அதைச் செய்திருக்க முடியும் என்ற எண்ணம் வந்து, அது முன்னையதைவிடக் கொடிதாகச் சுட்டது.

தலைவர் இரு கைகளையும் மேசைமேல் வைத்து எழுந்து நின்றார்.

“கனவான்களே, இந்த அறையின் நியாயமான செலவு முத்திரை குத்தப்பட்டுவிட்டது. இவர் செலவிட்டிருப்பதோ ஒன்பதாயிரத்து முந்நூறு. அப்படியானால், ஒரு இலட்சத்து இருபத்தொன்பதாயிரத்து நூறு ரூபா நியாயம் காணாமற் போயிருக்கிறது. அது எங்கே? பொருள் மலிவாக இருக்கலாம். நியாயம் மலிவாக இருக்க முடியாது. அதைக் கண்டுபிடிக்கும்வரை இந்தக் குளியலறை குழுவின் பொறுப்பில் இருக்கும்.”

கதவின் குறுக்கே கயிறு கட்டி அரக்கு முத்திரை வைத்தனர். அப்பொழுது ஐந்தாவது மனிதர் பின்புறத் தகர மறைப்பில் மூடியிருந்த ஒரு படங்குத் துணியை விலக்கினார். அதன்கீழ் இளஞ்சிவப்பு டைல்ஸ்கள் அடுக்கப்பட்டிருந்தன. எண்ணினர். நாற்பத்திரண்டு. அவை சான்றுப் பொருள்களாக ஜீப்பில் ஏற்றப்பட்டன. நாற்பத்திரண்டு என்ற எண்ணை எங்கே கேட்டோம் என்று தயாபரன் யோசித்தார். கணித ஆசிரியருக்கு எண்கள் மறப்பதில்லை. சிகரெட் அட்டையும், அதிலிருந்த சுழியமும், இப்றாஹீமின் காதிலிருந்த பென்சிலும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

“அது உங்கட பாத்ரூமுக்குத்தான் தம்பி வச்சிருந்தனாங்கள்” என்றாள் செல்வநாயகி. “நேர குடுத்தா வாங்க மாட்டியள் எண்டு இவர் பாஸிட்டச் சொல்லி வச்சவர்.”

ஜீப் வளைவில் மறைந்தது. தயாபரன் தம் வீட்டுக்குள் வந்தார். விஜயலெட்சுமி அதே முக்காலியில், அதே காலோடு இருந்தாள். அவள் அழவில்லை. அது அவருக்கு அச்சத்தைத் தந்தது.

“பூட்டிட்டாங்களா?” என்று கேட்டாள்.

“முத்திரை வச்சிட்டாங்க.”

“நாளைக்கு நான் எங்கங்க குளிப்பேன்?”

தயாபரனுக்கு விளங்கவில்லை.

“பத்து வாரமா நான் அங்கதாங்க குளிக்கிறேன். நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போனதும் அந்த அக்கா வந்து தோள் குடுத்துக் கூட்டிட்டுப் போவாங்க. பிளாஸ்டிக் கதிரை போட்டு உக்கார வச்சு, காலுக்குப் பை கட்டி, சோப்புப் போட்டு விடுவாங்க. லீவு நாள்ல நீங்க டியூசனுக்குப் போற வரைக்கும் பாத்துட்டு இருப்பாங்க. எனக்கு அவங்க கூடப் பொறந்தவங்க இல்லைங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா விட்டிருப்பீங்களா?”

தயாபரனுக்கு விடை தெரிந்த கேள்வி அது. வீட்டுக்குள் ரோசா வாசனை வீசிற்று. அது சுவரை ஊடுருவி வரவில்லை. தம் மனைவியின் தோளிலிருந்தே பத்து வாரங்களாக வந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு இரு வீட்டாரும், மலையூற்று நீர் குழாயாக விழும் தோட்டத்துப் பீலியிற் குளித்தனர். அறுபத்து நான்கு படிகள் கீழே இறங்க வேண்டும். விஜயலெட்சுமியை ஒருபுறம் செல்வநாயகியும் மறுபுறம் தயாபரனும் தாங்கி இறக்கினர். இப்றாஹீம் ஒரு மூடை சீமெந்தைத் தோளிற் சுமந்துவந்து, கூலியும் வேண்டாம், தரையை மட்டும் பூசிவிட்டுப் போகிறேன் என்றார். குழுவிடமிருந்து உடனே கடிதம் வந்தது. நிர்ணயத்தில் இருக்கும் தரையை நேராக்குவது தண்டனைக்குரியதாம். அந்தக் கடிதத்தில் ஒருமை பன்மை மயக்கம் மூன்று இடங்களில் இருந்தது. அதை விடுவோம்.

2003ஆம் ஆண்டு மார்ச் மாதம் தயாபரனுக்குப் பதுளையிலிருந்து ஓர் அழைப்பிதழ் வந்தது. குழுவின் காரியாலயத்தில் புதிய குளியலறை திறந்துவைக்கப்படுகிறது. சான்றாளர் என்ற முறையில் அவரும் வருகை தர வேண்டும். போனார். ரிப்பன் வெட்டப்பட்டது. மாகாணத்தில் முத்திரை குத்தப்பட்ட நியாயத் தொகை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றும், அதற்குச் சதம் கூடாமலும் குறையாமலும் இந்த அறை கட்டப்பட்டது என்றும் தலைவர் உரையாற்றினார். ஒரு இலட்சத்து முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபா. காணாமற் போன நியாயம் இறுதியில் கண்டுபிடிக்கப்பட்டதற்காகக் கைதட்டல் எழுந்தது. தயாபரன் உள்ளே எட்டிப் பார்த்தார். சுவரில் இளஞ்சிவப்பு டைல்ஸ் பதிக்கப்பட்டிருந்தது. எண்ணினார். நாற்பத்திரண்டு. ஐவரும் ஒரே நேரத்தில் தாராளமாக நிற்கலாம்.

“எப்படி இருக்கிறது, ஆசிரியரே?” என்றார் தலைவர்.

“ரொம்ப நியாயமா இருக்குங்க சேர்” என்றார் தயாபரன்.

மறுநாட் காலை பீலிக்கரையில் சிற்றம்பலம் அவருக்கு முன்னே நின்றார். சிற்றம்பலத்தின் கையில் ஒரு புதிய நீலநிற வாளி இருந்தது. மூடியுள்ள வாளி. தயாபரனுக்குப் பழைய பொறாமை கிளம்பிற்று. அதை விழுங்கிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

“சேர், வாளி என்ன வெலை?”

சிற்றம்பலம் திரும்பினார். இம்முறை அவர் சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்து, சட்டைப்பையிலிருந்து கசங்கிய பற்றுச்சீட்டை எடுத்து விரித்துக் காட்டினார்.

“நூற்றிப் பதினைஞ்சு ரூபா தம்பி. கைபிடி கொஞ்சம் உடைஞ்சதால பத்து ரூபா குறைச்சவன். கடையில உமக்கும் ஒண்டு கிடக்கு, வாங்கித் தரட்டே?”

வாசகரே, முதலாம் இலக்க வீட்டுக் குளியலறைக் கதவில் அந்த அரக்கு முத்திரை இன்றும் இருக்கிறது. அதை உம்மால் உடைக்க முடியாது, என்னாலும் முடியாது. ஆனால், உம்முடைய குளியலறைக்கு என்ன செலவாயிற்று என்று உம் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதுவரை நீர் சொல்லவில்லை. கேட்டபோது ‘ஏதோ போயிற்று’ என்று சிரித்தீர். பற்றுச்சீட்டை எடும். செருப்பைப் போடும். அவர் பதுளைக்கு விண்ணப்பம் எழுதும் முன்னர், இன்றே போய், சதம் விடாமல் சொல்லிவிட்டு வாரும்.